கராத்தே வீராங்கனைகளை ஏமாற்றியது போதும்

சுதந்திர தினம் வந்தால் போதும், கோவை மாவட்டத்தில் கராத்தே கற்கும் பெண் பிள்ளைகளைத் தேடி ஆள் வந்துவிடும். வெள்ளுடை மாட்டி வெயிலில் வரிசையாக நிற்க வேண்டும். அடுக்கி வைத்த ஓட்டைக் கையால் உடைக்க வேண்டும். மேடையில் இருக்கும் பெரியவர் கைதட்டிவிட்டு, பெண்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள வேண்டும் என்று நாலு வார்த்தை பேசி, காரில் ஏறிப் போய்விடுவார். அத்தோடு சரி. அதே பிள்ளை மறுவாரம் போட்டிக்குப் போக விடுப்புக் கேட்டால், இது எந்தச் சங்கத்தின் போட்டி, அதற்கு அங்கீகாரம் உண்டா என்ற கேள்வி வருகிறது. பதினாலு வயதுப் பிள்ளை பதில் சொல்ல வேண்டிய கேள்வியா இது? சொல்ல வேண்டியவர்கள் கராத்தே சங்கங்களின் நிர்வாகிகள், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், பள்ளிக் கல்வித்துறை, மாவட்ட நிர்வாகம். அவர்கள் வருஷக்கணக்காக வாய் திறக்கவில்லை. இந்த மௌனத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

கொங்கு நாட்டில் கராத்தே வகுப்பு இல்லாத ஊரைக் காண்பது அரிது. பீளமேட்டில், சூலூரில், பல்லடத்தில், கோபியில், பொள்ளாச்சியில் மொட்டை மாடியிலும் கல்யாண மண்டபத்திலும் பள்ளி வராந்தாவிலும் மாலை ஆறு மணிக்கு மாஸ்டரின் எண்ணிக்கைக் குரல் கேட்கிறது. பெண் பிள்ளைகளும் கூட்டமாக வருகிறார்கள். ஏழு வயதில் சேர்ந்து பத்து வருஷம் உழைத்த ஒரு பெண்ணிடம் கடைசியில் மிஞ்சுவது பிளாஸ்டிக் ஃபைல் நிறையச் சான்றிதழ்களும், ஒரு பிளாக் பெல்ட்டும், ஷோகேஸில் தூசி படியும் கோப்பைகளும்தான். அந்த ஃபைலில் எந்தத் தாள் வேலைக்கு ஆகும், எது ஆகாது என்று அவளுக்கும் தெரியாது. அவளைப் பெற்றவர்களுக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்வதில்லை.

முதல் பொறுப்பு சங்கங்களுடையது. 2020 ஜூனில் உலக கராத்தே கூட்டமைப்பு, இந்திய கராத்தே சங்கத்துக்கு அளித்திருந்த அங்கீகாரத்தைத் தற்காலிகமாக விலக்கியது. நம் வீரர்கள் சரியாக ஆடாததால் வந்த வினை அல்ல அது. நிர்வாகிகளின் கோஷ்டிச் சண்டையாலும் விதிமீறலாலும் வந்தது. இந்திய ஒலிம்பிக் சங்கம் அதற்கு முன்பே அவர்களைக் கைகழுவியிருந்தது. கராத்தே ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது டோக்கியோவில். அதற்காக உலகமே தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில், நம்மவர்கள் நாற்காலிக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். 2021இல் நடந்த அந்த ஒலிம்பிக்கின் கராத்தே களத்தில் ஓர் இந்தியர்கூட இல்லை. பின்னர் கராத்தே இந்தியா ஆர்கனைசேஷன் என்ற புதிய அமைப்பு உலகக் கூட்டமைப்பில் சேர்ந்தது. சண்டை அத்தோடு ஓய்ந்ததா என்றால், கீழே இறங்கி மாவட்டத்தைப் பாருங்கள். ‘தேசிய’, ‘அகில இந்திய’, ‘சர்வதேச’ என்ற அடைமொழிகளோடு ஓப்பன் டோர்னமென்ட் நடத்துகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பக்கத்து மாவட்டத்துப் பிள்ளைகள் நாலு பேர் வந்தால் மாநிலப் போட்டி. கேரளத்திலிருந்து ஒரு வேன் வந்தால் தேசியப் போட்டி. வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒரு மாஸ்டர் விருந்தினராக உட்கார்ந்துவிட்டால் சர்வதேசப் போட்டி. நுழைவுக் கட்டணம் மட்டும் எல்லா இடத்திலும் முன்பணம்.

இந்தக் கூத்து எங்கே போய் முட்டுகிறது என்று பாருங்கள். மத்திய அரசு வேலைகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் கராத்தே இருக்கிறது. அதற்கான சான்றிதழுக்குத் தனித்தனிப் படிவங்கள் உண்டு. நாட்டுக்காக ஆடியவருக்குப் படிவம் 1, தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியவருக்குப் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் 3, பள்ளி விளையாட்டுக்குப் படிவம் 4. மூன்றிலும் நான்கிலும் கையெழுத்துப் போடுவது பல்கலைக்கழக அதிகாரியும் கல்வித்துறை அதிகாரியும். படிவம் 2 சங்கத்துச் செயலாளரின் கையெழுத்துக்குக் காத்திருக்கும் தாள். எந்தச் சங்கத்துச் செயலாளர்? பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். அரசு வேலையில் மாநில அரசு 3 சதவீதம் ஒதுக்கியிருக்கிறது. எந்த மேசைக்குப் போனாலும், பதக்கத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையெழுத்துப் போட்டவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்றுதான் பார்ப்பார்கள். அங்கே போய் நின்ற பிறகுதான், தான் ஐந்தாறு வருஷம் ஆடியது கணக்கிலேயே வராத போட்டி என்று ஒரு பெண்ணுக்குத் தெரிகிறது என்றால், அதற்குப் பெயர் மோசடி. தெரியாமல் நடந்த தவறு என்று அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பணம் வாங்கியபோது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

இனி ஓடு உடைக்கும் விஷயத்துக்கு வருவோம். போட்டிக் கராத்தேயில் நேருக்கு நேர் மோதும் பிரிவைக் குமிதே என்கிறார்கள். எட்டு மீட்டர் சதுர மேட். பெரியவர்களுக்கு மூன்று நிமிட ஆட்டம். கைக்குத்துக்கு ஒரு புள்ளி, உடம்பில் விழும் உதைக்கு இரண்டு, தலைக்கு வரும் உதைக்கு மூன்று. எட்டுப் புள்ளி முந்திவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. இதில் சூட்சுமம், அடி எதிராளியின் மேல் முழுப் பலத்தோடு இறங்கக் கூடாது என்பது. வேகமாகப் போன கை, முகத்துக்கு அருகில் கட்டுப்பட வேண்டும். ஓடு உடைக்கிற பலத்தோடு குத்தினால் புள்ளிக்குப் பதில் எச்சரிக்கை வரும். மூக்கு உடைந்தால் ஆட்டத்தைவிட்டே வெளியேற்றுவார்கள். அதாவது மேடையில் நாம் கைதட்டும் வித்தையும், களத்தில் ஜெயிக்க வேண்டிய திறமையும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஒரு பெண் குமிதேயில் தேற வேண்டுமானால் தன் எடையில் உள்ள வேறு பெண்களோடு வாராவாரம் மோதிப் பழக வேண்டும். நல்ல மேட் வேண்டும். விதி தெரிந்த நடுவர் வேண்டும். எதிராளியின் ஆட்டத்தை வீடியோவில் போட்டுப் பிரித்துக் காட்டும் பயிற்சியாளர் வேண்டும். ஒரு மாடியில் பத்துப் பையன்களும் மூன்று சிறுமிகளுமாக நிற்கும் வகுப்பில் ஐம்பத்தைந்து கிலோ எடைப் பெண்ணுக்கு யார் ஜோடி? சூலூர்ப் பள்ளிக்காரர் சிங்காநல்லூர்ப் பள்ளிக்குத் தன் பிள்ளையை அனுப்ப மாட்டார். வேறு ஸ்டைல், வேறு சங்கம், பிள்ளை கட்சி மாறிவிடும் என்ற பயம்.

பெல்ட் கதை இன்னொரு வியாபாரம். சில மாதங்களுக்கு ஒரு கிரேடிங், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டணம், மஞ்சள் போய் ஆரஞ்சு வரும், பச்சை போய் நீலம் வரும். பிளாக் பெல்ட் வாங்கியதும் வீட்டு வாசலில் பேனர். ஆனால் உலகக் கூட்டமைப்பின் களத்தில் அந்தக் கறுப்புப் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். ஒருத்தி இடுப்பில் சிவப்பு, மற்றவள் இடுப்பில் நீலம், அவ்வளவே. பெல்ட்டுக்குப் பணம் கட்டிக் களைத்த குடும்பத்திடம் தேர்வுப் போட்டிக்கு வெளியூர் ரயில் ஏறக் காசு இருப்பதில்லை. இது போதாதென்று, நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி மணிக்கணக்கில் கட்டா என்னும் அசைவு வரிசையைச் செய்யவைத்து, யாரும் கேள்விப்படாத ஏதோ ஒரு சாதனைப் புத்தகத்தின் பெயரால் ‘உலக சாதனை’ச் சான்றிதழ் விநியோகிக்கிறார்கள். அந்தத் தாளுக்கு எந்த அரசு அலுவலகத்திலும் மதிப்பு இல்லை என்று அதை வாங்கும் பெற்றோரிடம் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள் பார்ப்போம்.

இதே கோவையில் வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. ஓட்டுநர் ஒருவரின் மகளான வித்யா ராம்ராஜ், 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசியப் போட்டியில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 வினாடியில் ஓடி, 1984 முதல் பி.டி. உஷாவின் பெயரில் இருந்த தேசிய சாதனையைச் சமன் செய்தார். மறுநாள் வெண்கலமும் வென்றார். அவருக்கு ரயில்வே வேலை இருக்கிறது. அவருடைய திறமையையும் உழைப்பையும் யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர் ஓடிய நேரத்தை யார் குறித்தார்கள், அந்தக் குறிப்பு செல்லுமா என்ற சந்தேகம் யாருக்கும் வரவில்லை. தடகளத்துக்கு இருக்கும் அந்தச் சாதாரண நம்பகம் கராத்தேக்கு இல்லை. அதே ஊரில், அதே வசதிக் குறைவோடு, அதே வயதில் கராத்தேயைத் தேர்ந்தெடுத்த பெண் செய்த பாவம் என்ன?

மற்ற மாநிலத்தில் முடிந்ததையும் சொல்ல வேண்டும். மத்தியப் பிரதேச அரசு போபாலில் தற்காப்புக் கலைகளுக்கென்றே ஓர் அகாதமி நடத்துகிறது. அங்கே வளர்ந்த சுப்ரியா ஜாதவ் 2019இல் அமெரிக்க ஓப்பன் போட்டியில் தங்கம் வென்றார். அப்படிப்பட்டவருக்கே ஒலிம்பிக் கதவு திறக்கவில்லை என்பது வேறு சோகம். ஆனாலும் ஒரு மாநில அரசு மனது வைத்தால் ஒரு பெண் எதுவரை போகலாம் என்பதற்கு அவர் சாட்சி. கோவையில் அப்படி ஒரு அரசு அகாதமி கிடையாது. ஒண்டிப்புதூரில் சர்வதேச கிரிக்கெட் மைதானம் கட்ட 2024இல் வாக்குறுதி தந்தார்கள், கட்டட்டும், மகிழ்ச்சி. அந்தச் செலவில் எத்தனையில் ஒரு பங்கு நேரு விளையாட்டரங்கத்தில் இரண்டு மேட் விரிக்கத் தேவைப்படும்?

‘கராத்தேதான் ஒலிம்பிக்கில் இல்லையே’ என்று அதிகாரிகள் சொல்வது தெரியும். 2024 பாரிஸில் இல்லை, 2028 லாஸ் ஏஞ்சல்ஸிலும் இல்லை, உண்மைதான். கபடி எந்த ஒலிம்பிக்கில் இருந்தது? 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடியில் தங்கம் வென்ற கண்ணகி நகர் கார்த்திகாவுக்கு அரசு 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. சரியாகவே செய்தது. ஒலிம்பிக் சாக்கு அங்கே எழவில்லை. இங்கே மட்டும் ஏன்? ஆசிய விளையாட்டில் 1994 முதல் கராத்தே இருக்கிறது. 2026 ஆசியப் போட்டி நடப்பதோ கராத்தேயின் சொந்த நாடான ஜப்பானில், ஐச்சி-நகோயாவில். அவ்வளவு தூரம் போவானேன், பக்கத்து நாடுகளைப் பாருங்கள். 2019இல் காத்மாண்டு தெற்காசியப் போட்டியில் இந்தியா 300க்கு மேல் பதக்கங்களை அள்ளியது. அதில் கராத்தே தங்கம் ஒன்றுகூட இல்லை. வங்கதேசத்தின் மர்ஜான் அக்தர் பிரியாவும் ஹுமைரா அக்தர் அந்தராவும் தங்கம் வென்றார்கள். பாகிஸ்தானின் குல்சும் ஹசாரா வென்றார். குவெட்டாவில், குண்டுவெடிப்புகளுக்கு நடுவே வாழும் ஒரு சிறுபான்மைச் சமூகத்துப் பெண் அவர். நம் பிள்ளைகளுக்கு எந்தக் குண்டும் தடையில்லை. லெட்டர்பேடு சங்கங்கள்தான் தடை.

பள்ளிக் கல்வித்துறையின் பங்கு தனி ரகம். அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ராணி லட்சுமிபாய் பெயரில் தற்காப்புப் பயிற்சி நடக்கிறது. ஒரு பள்ளிக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் மூன்றே மாதம். டெல்லிக்கும் சென்னைக்கும் பிணக்கு வந்து, 2024-25இல் சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாய் நின்றுபோனதே, அப்படி ஆனால் அதற்கும் ஆபத்து. மூன்று மாதத்தில் ஒரு பிள்ளைக்கு ஒழுங்காக நிற்கவும் குத்தவும் வந்தாலே பெரிது. ஆனால் அந்த வகுப்பில் தப்பித் தவறி ஒரு திறமைக்காரி கண்ணில் பட்டால், நான்காம் மாதம் அவளை எங்கே அனுப்புவது என்று எந்தச் சுற்றறிக்கையிலாவது இருக்கிறதா? மாஸ்டர் அடுத்த பள்ளிக்குப் போய்விடுவார். பிள்ளை காலப்போக்கில் மறந்துவிடும்.

இதற்குப் பின்னால் ஒரு மனோபாவம் இருக்கிறது. 2019இல் பொள்ளாச்சிப் பாலியல் கொடுமை வெளியானபோது, பெண் பிள்ளைகளுக்கெல்லாம் கராத்தே சொல்லிக் கொடுங்கள் என்று கொங்கு நாடே பேசியது. கோவை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தது 2025 மே 13 அன்று. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு. குற்றவாளியைப் பிடிப்பதும் தண்டிப்பதும் போலீஸ், கோர்ட்டின் வேலை. அந்த வேலை தாமதமாகும்போதெல்லாம் சுமையைப் பெண்ணின் முஷ்டியில் ஏற்றிவிட்டு நிம்மதியாகிவிடுகிறோம். கராத்தே என்றால் பயத்துக்கு மருந்து என்றே அரசும் பழகிவிட்டது. அது ஒரு விளையாட்டு, அதில் ஒரு பெண் ஜெயிக்க ஆசைப்படலாம், பதினைந்து வருஷம் அதையே வாழ்க்கையாக வைத்துக்கொள்ளலாம் என்பது யாருடைய கோப்பிலும் இல்லை.

தற்காப்பு கற்றுத்தரும் இடத்தில் பிள்ளைக்குப் பாதுகாப்பு உண்டா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. வாளையாறு தாண்டி மலப்புரம் மாவட்டத்தில் 2024 பிப்ரவரியில் பதினேழு வயது மாணவி சாலியாற்றில் இறந்து கிடந்தார்; அவருக்குக் கராத்தே கற்றுக்கொடுத்தவர் போக்சோ சட்டத்தில் கைதானார். நம் பக்கம் மாடிகளிலும் மண்டபங்களிலும் நடக்கும் வகுப்புகளுக்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்? மாஸ்டரின் பின்னணியை யார் விசாரித்தார்கள்? வெளியூர்ப் போட்டிக்குப் பெண் பிள்ளைகளோடு ஒரு பெண் பயிற்சியாளர் போகிறாரா என்று யார் பார்த்தார்கள்? பெரும்பாலான மாஸ்டர்கள் நேர்மையானவர்கள், சொந்தக் காசைப் போட்டுப் பிள்ளைகளை வளர்ப்பவர்கள் என்பதை நாம் அறிவோம். இந்த வகுப்புகளுக்கு ஒரு பதிவேடு வந்தால் முதலில் மரியாதை பெறப்போவதும் அவர்களே.

வீட்டாரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. உலக விதிப்படி ஜூனியர் பிரிவு பதினாறு, பதினேழு வயது. சரியாக பிளஸ் ஒன், பிளஸ் டூ. நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டு, ‘போதும் அம்மிணி, இனி படிப்பைப் பாரு’ என்கிறார் அப்பா. சான்றிதழுக்கு மதிப்பில்லாத விளையாட்டில் மகளை இன்னும் இரண்டு வருஷம் விடச் சொல்ல நமக்கு என்ன உரிமை? அவர் போட்ட கணக்கு சரி. கணக்கைத் தப்பாக்கியவர்கள் வேறு. டோக்கியோவில் பெண்கள் கட்டாவில் தங்கம் வென்ற ஸ்பெயினின் சாண்ட்ரா சான்செஸுக்கு அன்று வயது 39. அவர் தம் நாட்டு அணிக்குள் நுழைந்ததே முப்பதைத் தாண்டிய பிறகு. நம் ஊரில் பதினேழில் முடித்து வைக்கிறோம்.

ஆகவே சொல்கிறோம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், கராத்தேயில் எந்தச் சங்கத்தின் எந்தப் போட்டி வேலைக்கும் கல்விக்கும் செல்லும் என்பதை ஒரே பக்கத்தில், தமிழில் அச்சிட்டு, நேரு விளையாட்டரங்க அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். தன் இணையதளத்திலும் போட வேண்டும். நுழைவுப் படிவத்திலேயே ‘இந்தச் சான்றிதழ் ஒதுக்கீட்டுக்குச் செல்லும்’ அல்லது ‘செல்லாது’ என்று அச்சடிக்காத எந்தப் போட்டிக்கும் அரசு அரங்கத்தையோ அரசுப் பள்ளி மைதானத்தையோ தரக்கூடாது. செல்லாத போட்டியைச் செல்லும் என்று சொல்லி வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க வைக்க வேண்டும்.

சங்கங்களுக்கு ஒன்று. 2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் வந்துவிட்டது. நிர்வாகக் குழுவில் குறைந்தது நான்கு பெண்கள் இருந்தாக வேண்டும், வீரர்களுக்குக் குழு வேண்டும், பாதுகாப்புக் கொள்கை வேண்டும், தகராறுக்குத் தீர்ப்பாயம் உண்டு. பழைய பஞ்சாயத்தைத் தூக்கிக்கொண்டு தீர்ப்பாயத்துக்குப் போங்கள். பிள்ளைகளின் தலையில் தீர்க்காதீர்கள். மாநிலத் தேர்வுப் போட்டி எல்லா ஸ்டைல்காரர்களுக்கும் பொதுவாக, தேதி முன்கூட்டி அறிவித்து, ஆட்டங்களை வீடியோ எடுத்து, முடிவை அன்றைக்கே வெளியிட்டு நடக்க வேண்டும். நடுவராக இருப்பவரின் மாணவி அதே மேட்டில் ஏறக்கூடாது. நிர்வாகக் குழுவுக்குப் பெண்களைத் தேடும்போது செயலாளரின் வீட்டம்மாவை உட்காரவைத்துக் கணக்குக் காட்டாமல், களத்தில் ஆடி ஓய்ந்த வீராங்கனைகளை அழைக்க வேண்டும்.

கல்வித்துறை மூன்று மாத வகுப்பின் கடைசி நாளில் ஒவ்வொரு ஒன்றியத்திலும் தேர்வு நடத்தி, தேறும் மாணவிகளை மாவட்டப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். தேசியப் போட்டியும் பள்ளித் தேர்வும் ஒரே நாளில் வந்தால் அந்த மாணவிக்கு மறுதேர்வு தர வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் பெண்கள் எடை வாரியாக மோதிப் பழக, வாரத்தில் ஒரு நாள் நேரு விளையாட்டரங்கத்தில் மேட் விரித்து, பெண் பயிற்சியாளர் ஒருவரைச் சம்பளத்தோடு நியமிக்க வேண்டும். தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையின் உதவி கராத்தே வீராங்கனைக்கு எந்தத் தகுதியில் கிடைக்கும் என்பதையும் அந்தச் சுவரொட்டியிலேயே எழுதலாம். மாவட்ட ஆட்சியர், தற்காப்புக் கலை வகுப்புகளுக்குப் பதிவேடு திறந்து, போலீஸ் சரிபார்ப்பு இல்லாத வகுப்புக்குப் பள்ளி வளாகத்தை மூட வேண்டும்.

இதில் எதற்கும் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. முதல் வேலையான அந்த ஒரு பக்கப் பட்டியலுக்கு ஒரு குமாஸ்தாவின் ஒரு நாள் போதும். அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் அது சுவரில் ஏற வேண்டும். ஏறாவிட்டால், ஏன் ஏறவில்லை என்று ஆணையத்தின் மாவட்ட அலுவலகமும் சங்கச் செயலாளர்களும் எழுத்துப்பூர்வமாகச் சொல்லட்டும். அவர்களின் பதிலை ஒரு வரி குறைக்காமல் வெளியிடுவோம்.